முந்திரிக்காட்டுக்கு மேலே ஒரு குட்டி விமானம்

பண்ருட்டியைத் தாண்டி நெய்வேலியை நோக்கிப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது மண்ணின் நிறம்தான். நெல்லும் கரும்பும் மெல்லப் பின்னுக்குப் போகும். செம்மண் மேடுகள் தொடங்கும். அதன்மேல் குடையைக் கவிழ்த்து வைத்தாற்போல முந்திரி மரங்கள். நடுநடுவே அடிமரத்திலேயே காய்களைத் தாங்கிக்கொண்டு நிற்கும் பலா. முத்தாண்டிக்குப்பம் இந்த முந்திரிக்காட்டு ஊர்களில் ஒன்று. கடலூர் மாவட்டம், பண்ருட்டி வட்டாரம். ஒரு பக்கம் முந்திரி, இன்னொரு பக்கம் நிலக்கரி என்று இரண்டு உலகங்களுக்கு நடுவே இருக்கிறது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் பொதுவாக இரண்டு கேள்வி கேட்பார்கள். பலாப்பழம் என்ன விலை? முந்திரிப்பருப்பு கிலோ எவ்வளவு? மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்கிறவர் ஒருவர் உண்டு. "இந்தத் தோப்புக்குப் பின்னால் வெட்டவெளி ஏதாவது இருக்கா?" அவர்தான் ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தின் மீது பித்துப் பிடித்தவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மனைவி அந்தக் கேள்வியைக் காதில் வாங்காதவர்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

விமானப் பிரியரைக் கணவராகப் பெற்ற பெண்களுக்கு இது பழகிய விஷயம். மற்றவர்களுக்கு வயல் என்றால் வயல், ஏரி என்றால் ஏரி. இவருக்கு வற்றிய ஏரி ஓடுதளம். அறுவடை முடிந்த வயல் அவசரமாக இறக்குகிற இடம். மின்கம்பி எதிரி. தென்னை பரம எதிரி. உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்தின் பின்புறத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும்.

வீட்டுக்குள் ஒரு விமானக் கொட்டகை

ரேடியோ விமானம் என்பது கடையில் விற்கும் சாவி கொடுத்த பொம்மை அல்ல. அளவில் சிறியது என்றாலும் பெரிய விமானத்துக்கு உள்ள எல்லா விதிகளும் இதற்கும் உண்டு. இறக்கையின் ஓரத்தில் அசையும் பட்டைகள் விமானத்தைச் சாய்க்கும். வாலில் இருக்கும் கிடைப்பட்டை மூக்கை ஏற்றி இறக்கும். செங்குத்துப் பட்டை திருப்பும். இவற்றை இழுத்துத் தள்ளுவது தீப்பெட்டியைவிடச் சிறிய சர்வோ மோட்டார்கள். கையில் இருக்கும் கருவியில் இரண்டு குச்சிகள். விரல் நகர்வதற்கேற்ப அங்கே வானத்தில் பட்டைகள் நகரும்.

இதெல்லாம் மைதானத்தில் நடப்பது. அதற்கு முன்னால் பல வாரங்கள் எல்லாம் வீட்டுக்குள்தான் நடக்கும்.

புது ஃபிரிட்ஜ் வந்தால் வீடே அதைச் சுற்றி நிற்கும்போது, இவர் மட்டும் அட்டைப்பெட்டிக்குள் இருந்த தெர்மாகோலை உடையாமல் எடுத்து பரணில் வைப்பார். காய்கறிக் கட்டில் வரும் ரப்பர் பேண்டுகள் காணாமல் போகும். பயிற்சி விமானங்களில் இறக்கையை உடலோடு சேர்த்துக் கட்ட அவைதான் தேவை. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்குச்சிகள் ஒவ்வொன்றாகக் குறையும். சமையலறைத் தராசில் சர்க்கரைக்குப் பதில் பேட்டரி உட்கார்ந்திருக்கும். ஒரு கிராம் கூடினாலும் அவருக்குக் கவலை. ஆனால் தன் எடையைப் பற்றி அவர் அவ்வளவு கவலைப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

இஸ்திரிப் பெட்டியின் கதை தனி. பால்சா மரத்தில் செய்த இறக்கைமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, சூடு காட்டி இறுக்க வேண்டும். அதற்கென்று சிறிய இஸ்திரி கிடைக்கிறது. அது வாங்கும்வரை வீட்டு இஸ்திரிதான். பள்ளிக்கூடச் சீருடையைத் தேய்க்கப் போகும்போது வெள்ளைச் சட்டையில் சிவப்புக் கறை ஒட்டினால் யார் வேலை என்று விசாரிக்கவே வேண்டாம்.

பழைய காலத்து விமானப் பிரியர்களின் மனைவிமார் பட்ட பாடு இன்னும் அதிகம். அப்போது எரிபொருள் இன்ஜின்கள். மெத்தனால், நைட்ரோமீத்தேன், அவற்றோடு மசகுக்காக ஆமணக்கெண்ணெய். பறந்து முடித்து வரும் விமானத்தின் மீதெல்லாம் எண்ணெய் வழியும். குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்கும் எண்ணெய் வாசம் கணவரின் சட்டையில் வரும். இப்போது பெரும்பாலும் பேட்டரியும் மின் மோட்டாரும் வந்துவிட்டன. எண்ணெய் போய்விட்டது. அதன் இடத்தில் வேறொரு கவலை வந்திருக்கிறது.

பேட்டரி என்னும் பொறுப்பு

விமானத்துக்குப் பயன்படுவது லித்தியம் பாலிமர் பேட்டரி. எடை குறைவு, சக்தி அதிகம். வழக்கமான சின்ன விமானத்தில் மூன்று செல்கள் இருக்கும். ஒவ்வொரு செல்லும் முழுதாக ஏறினால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினாலும், விழுந்து அடிபட்டு உள்ளே நசுங்கினாலும், உப்பிப்போனதை மறுபடி சார்ஜ் போட்டாலும் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீர் ஊற்றி நொடியில் அணைக்கிற தீயும் அல்ல.

இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை. ஆள் பக்கத்தில் இல்லாமல் சார்ஜ் போடக் கூடாது. இரவில் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. மெத்தை, திரைச்சீலை, காஸ் அடுப்பு இருக்கும் பக்கம் கூடவே கூடாது. சிமென்ட் தரையில், உலோகப் பெட்டிக்குள்ளோ மண் சட்டிக்குள்ளோ வைத்து ஏற்றுவது நல்லது. பல நாள் பறக்கப் போவதில்லை என்றால் முழுதாக ஏற்றி வைக்காமல் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வைக்க வேண்டும். உப்பிய பேட்டரியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வெளியே எடுத்துவிட வேண்டும்.

எவ்வளவு செலவு, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் கணவன் மனைவி பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பேட்டரி மட்டும் பேச்சுக்கு அப்பாற்பட்டது. இதைக் கண்டிப்பாகச் சொல்கிற மனைவி பொழுதுபோக்குக்கு எதிரி ஆகிவிட மாட்டார். அந்தப் பொழுதுபோக்கு அந்த வீட்டில் நீண்ட நாள் நீடிக்க அவர்தான் காரணமாக இருப்பார்.

காற்றும் கறிக்கடையும்

சின்ன விமானத்துக்குக் காற்று சாதாரண விஷயம் அல்ல. ஒரு கிலோவுக்கும் குறைவான தெர்மாகோல் உடம்பைப் பலத்த காற்று எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகும். செம்மண் பூமியில் வெயில் ஏற ஏறத் தரை கொதிக்கும். சூடான காற்று மேலெழும்பும். கழுகும் பருந்தும் இறக்கை அசைக்காமல் வட்டமடிப்பது அந்தக் காற்றில்தான். அனுபவசாலிகள் அதைப் பிடித்து மோட்டாரை நிறுத்திவிட்டும் மிதப்பார்கள். புதியவர்களுக்கு அது ஆட்டம் காட்டும். பிற்பகலில் கிழக்கிலிருந்து கடற்காற்று உள்ளே வரும். ஆடி மாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அம்மியே பறக்கும் என்று சொல்கிற ஊரில் தெர்மாகோல் எம்மாத்திரம்!

ஆகவே நல்ல நேரம் என்பது விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம். தை, மாசி மாதங்களில் பனி விலகியதும் இலை அசையாமல் இருக்கும் காலைப்பொழுது. அதிலும் ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமை. இங்கேதான் குடும்பத்தில் சிக்கல் ஆரம்பம். கறிக்கடையில் நல்ல கறி கிடைப்பதும் அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

"என்னங்க, ஏழு மணிக்குள்ள போனாத்தான் கடையில கூட்டம் இருக்காது."

"எட்டு மணிக்கு மேல காத்து ஏறிடும்மா."

இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவேதான் பல விமானப் பிரியர்களின் இல்லறம் ஓடுகிறது. தீர்வும் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பேட்டரிக்கு எட்டு, பத்து நிமிடம்தான் பறக்கும். மூன்று பேட்டரி என்றால் அரை மணி நேரம். போக, வர, பொருத்த, கழற்ற என்று சேர்த்தாலும் ஒன்றரை மணி நேரத்தில் முடியும். "இன்னும் ஒரே ஒரு பேட்டரி" என்ற வார்த்தையை மட்டும் கட்டுப்படுத்தினால் கறிக்கடையும் தப்பும், கல்யாணமும் தப்பும்.

விமானத்தை விழுங்கும் மரம்

முந்திரி மரம் உயரமாகப் போகாது. பக்கவாட்டில் பரவும். கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் பாய் விரித்தாற்போல இருக்கும். அந்தப் பாயில் ஒரு விமானம் இறங்கிவிட்டால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. பலாவில் மாட்டினால் தொரட்டிக்கோல் இருக்கிறது. பலாப்பழம் பறிக்கிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. முந்திரியிலோ உள்ளே குனிந்து, தவழ்ந்து போய்த்தான் தேட வேண்டும்.

தை, மாசியில் மரம் பூத்து நிற்கும். பங்குனி, சித்திரையில் பழமும் கொட்டையும் விழும். அப்போது தோப்புக்குள் கூடையோடு பெண்கள் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். மரத்தடியில் ஆள் இருப்பது வெளியே தெரியாது. ஆகவே அறுவடைக் காலத்தில் தோப்புக்கு மேலே விமானம் விடுவது ஆபத்து. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும் விசிறி விரலை வெட்டப் போதுமானது.

முந்திரிப் பருப்பு டப்பாவில் வெள்ளையாக வந்து சேர்வதற்கு முன்னால் அதற்கு ஒரு கடினமான கதை உண்டு. ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். கையில் சாம்பல் பூசிக்கொண்டு கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்திருக்கும். பொழுதுபோக்குக்காக இந்தப் பக்கம் வருகிறவர்கள் கால் வைப்பது இன்னொருவரின் பிழைப்பின் மீது என்பதை அந்த விரல்கள் ஞாபகப்படுத்தும்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டி வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்ற பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஒரு பலா மரம் நட்டுப் பலன் காண ஆண்டுகள் ஆகும். அதனால் அந்தப் புயல் எடுத்துக்கொண்டது அந்த வருடத்து விளைச்சலை மட்டுமல்ல, அடுத்த பல வருடங்களின் வருமானத்தையும். மரங்கள் போனதும் எங்கும் வெட்டவெளி தெரிந்தது. விமானப் பிரியர் எவரும் சந்தோஷப்பட முடியாத வெட்டவெளி அது. இன்று மறுபடி பச்சை படர்ந்திருப்பது புதிதாக நட்டு வளர்த்தவர்களின் பொறுமை.

இயந்திரங்களின் ஊர்

முந்திரிக்காட்டிலிருந்து நெய்வேலி நகரியத்துக்குள் நுழைந்தால் வேறொரு நாடு. நேர்கோட்டில் சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள், வட்டம் வட்டமாகப் பிரித்துக் கட்டிய குடியிருப்புகள், பள்ளிகள், மருத்துவமனை, ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி. எல்லாம் மண்ணுக்கடியில் கிடைத்த பழுப்பு நிலக்கரியால் வந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது என்பதில் தொடங்குகிறது இந்த ஊரின் கதை. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் உருவானது. 1957 மே 20ஆம் தேதி சுரங்கப் பணியைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் மின் உற்பத்தி தொடங்கியது.

சுரங்கத்தில் மண்ணை வெட்டுவது ஜெர்மனியிலிருந்து வந்த வகை இயந்திரம். பிரம்மாண்டமான சக்கரம், அதைச் சுற்றி வாளிகள். சக்கரம் சுழலச் சுழல மண்ணை வாரி பெல்ட்டில் கொட்டும். ஒரு வாளியே 1,400 லிட்டர் கொள்ளும் இயந்திரங்களும் உண்டு. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் மூழ்காமல் இருக்கும்.

இப்படிப்பட்ட ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு மோட்டார், பேரிங், கியர் என்பதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு. ஷிப்ட் முடிந்து வந்த அப்பா எந்த இயந்திரம் நின்றது, ஏன் நின்றது என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர், பிறகு ஒரு மோட்டாரையும் நான்கு சர்வோவையும் வைத்துப் பறக்கவிட ஆசைப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

விமானத்தோடும் நெய்வேலிக்கு உறவு உண்டு. நிறுவனத்தின் தேவைக்காக இங்கே ஓடுதளம் அமைக்கப்பட்டது. ஒருகாலத்தில் வாயுதூத் நிறுவனத்தின் சிறு விமானங்கள் வந்து போயின. பிறகு நீண்ட அமைதி. உடான் திட்டத்தில் நெய்வேலியின் பெயர் இடம்பெற்றதும் ஓடுதளத்தைச் சீரமைக்கும் வேலை நடந்தது. பக்கத்தில் உளுந்தூர்பேட்டையிலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. பாட்டன் காலத்தில் போர் விமானம் இறங்கிய நிலம் என்று சொல்லக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது.

யாருடைய நிலம், யாருடைய வானம்?

ஓடுதளம் இருக்கிறது என்பதற்காக அங்கே போய்ப் பறக்கவிட முடியாது. நேர்மாறாக, ஓடுதளம் இருப்பதாலேயே கட்டுப்பாடு அதிகம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் மாதிரி விமானங்களையும் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் இயக்கப்படும், 25 கிலோவுக்கு மேற்படாதவை மாதிரி விமானங்கள். பதிவு, உரிமம் பற்றிய நிபந்தனைகள் எடைக்கும் பயனுக்கும் ஏற்ப மாறும். நாட்டின் வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டு, மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் வரைபடமாக இருக்கிறது. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம்வரை முன் அனுமதி வேண்டாம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் அனுமதி வேண்டும்.

நெய்வேலியில் சுரங்கங்களையும் அனல்மின் நிலையங்களையும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை காவல் காக்கிறது. அந்தப் பக்கம் விமானத்தைத் திருப்புவதே வம்பு. ஆகவே வண்டியில் பெட்டியை ஏற்றுவதற்கு முன்னால் அலைபேசியில் வரைபடத்தைப் பார்ப்பது முதல் வேலை. காவல்நிலையத்தில் கணவருக்காகக் காத்திருப்பதைவிட இது எளிது என்று எந்த மனைவியும் ஒப்புக்கொள்வார்.

சட்டம் சொல்லாத இன்னொன்றும் உண்டு. நெய்வேலியைச் சுற்றிய கிராமங்களில் நிலம் என்பது வெறும் நிலம் அல்ல. சுரங்கம் விரிய விரிய வீட்டையும் வயலையும் கொடுத்துவிட்டுப் போனவர்கள் இங்கே ஏராளம். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. அப்படிப்பட்ட வட்டாரத்தில் தலைக்கு மேலே திடீரென்று ஏதோ ரீங்காரமிட்டுப் பறந்தால், "நம்ம இடத்தை அளக்க வந்துட்டாங்களோ" என்று ஒருவருக்குச் சந்தேகம் வருவது இயல்பு.

அதனால் முதலில் நிலத்துக்காரரைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேலியோரம் நின்று பார்க்கிறவர்களிடம் விமானத்தைக் கையில் கொடுத்து, கேமரா எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். இந்த வேலையை விமானப் பிரியரைவிட அவர் மனைவி நன்றாகச் செய்வார். அவர் பேட்டரி வோல்ட்டேஜைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் அங்கே இருக்கும் அம்மாவிடம் இந்த வருஷம் காய்ப்பு எப்படி என்று கேட்டுக்கொண்டிருப்பார். பத்து நிமிடத்தில் மோர் வந்துவிடும்.

பித்து ஒருவருக்கு, பயணம் இருவருக்கு

இந்தப் பித்துக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த வால்ட் குட், பில் குட் என்ற இரட்டையர்கள் 1937இல் ரேடியோவால் இயங்கும் 'கஃப்' என்ற விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்தக் காலத்துக் கருவிகளில் ஒரே அலைவரிசையில் இருவர் இயக்கினால் விமானம் விழுந்துவிடும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, தன் அலைவரிசைக்கான கிளிப்பை எடுத்த பிறகுதான் கருவியை இயக்குவார்கள். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டன.

2003 ஆகஸ்டில் மேனார்டு ஹில் என்ற 77 வயதுக்காரர் கட்டிய மாதிரி விமானம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து அட்லாண்டிக் கடலைக் கடந்து அயர்லாந்தில் இறங்கியது. எடை 5 கிலோவுக்குள். தூரம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். நேரம் சுமார் 39 மணி. ஹில்லுக்குக் கண் பார்வை அநேகமாக இல்லை, காதும் சரியாகக் கேட்காது. முந்தைய முயற்சிகள் பல கடலில் விழுந்திருந்தன. அந்த விமானத்துக்கு 'ஸ்பிரிட் ஆஃப் பட்ஸ் ஃபார்ம்' என்று பெயர். பயிற்சிக்காகத் தன் பண்ணை நிலத்தைத் தந்தவரின் பெயர் அது. நிலம் தந்தவரை விமானத்தின் நெற்றியில் எழுதி வைத்த அந்த நன்றி எந்த ஊருக்கும் பொருந்தும்.

தமிழ்நாட்டில் இந்தப் பொழுதுபோக்கு வீட்டுக்கு வீடு தெரிந்ததற்கு நடிகர் அஜித்குமார் ஒரு காரணம். ரேடியோ விமானங்களில் அவருக்கு உள்ள ஈடுபாடு ரசிகர்கள் அறிந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார். 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பெற்றது. அதன் பிறகு "பெரிய பசங்க விளையாட்டு" என்று கேலி செய்தவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். பள்ளி, கல்லூரிகளில் தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவிலும் மாதிரி விமானப் பயிற்சி உண்டு. அதில் கற்ற பெண்களும் இருக்கிறார்கள். ஆகவே பித்துப் பிடித்தது கணவருக்குத்தான் என்பது கட்டாயமில்லை.

கணவரின் ஆகாய ஆசை மனைவிக்கும் தொற்றியதற்கு இங்கேயே பழைய உதாரணம் இருக்கிறது. கேப்டன் வி. சுந்தரம் விமானி. அவர் மனைவி உஷா சுந்தரமும் பெங்களூரு ஜக்கூரில் பயிற்சி பெற்று, சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அறியப்பட்டார். சென்னை மாகாண அரசுக்காக வாங்கிய டவ் விமானத்தை இருவரும் சேர்ந்து இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார்கள். பிற்காலத்தில் விலங்குகளைக் காக்கும் புளூ கிராஸ் அமைப்பைச் சென்னையில் தொடங்கியதும் அதே குடும்பம்தான்.

எல்லா மனைவியும் விமானி ஆக வேண்டியதில்லை. பறக்கவிடுகிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கண் இருந்தால் போதும். அவர் விமானத்தை மட்டுமே பார்ப்பார். வயலுக்குள் ஓடி வரும் குழந்தையை, வரப்பில் வரும் சைக்கிளை, மேலே தாழப் பறக்கும் பருந்தை அவரால் பார்க்க முடியாது. பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இன்னொரு சங்கதியும் உண்டு. விமானம் தன்னைவிட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலதுதான். தன்னை நோக்கித் திரும்பி வரும்போது வலது இடதாகிவிடும். எதிரெதிரே நிற்கும் இருவருக்கும் அப்படித்தான். புதியவர்கள் விமானத்தை உடைப்பது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தில்தான்.

செலவுக்கு ஒரு வரம்பு, பேட்டரிக்குக் கண்டிப்பு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கணக்கு. இந்த மூன்றும் பேசி முடிவாகிவிட்டால் மீதியெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். அவருக்கு விமானம் எப்படியோ அப்படி வீட்டில் மற்றவருக்கும் தனக்கென்று ஒரு நேரம் வேண்டும் என்பதையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாட்டு வகுப்போ, தோழிகளோ, யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரத் தூக்கமோ, எதுவாக இருந்தாலும்.

பறக்கிற எதுவும் ஒருநாள் விழும். முந்திரிக்காட்டுப் பக்கம் விழுந்தால் தேடத்தான் வேண்டும். கடைசியாக எந்த மரத்துக்குப் பின்னால் மறைந்தது என்பதை இருவரும் ஆளுக்கொரு இடத்திலிருந்து பார்த்திருந்தால், இரண்டு பார்வையும் சந்திக்கும் இடத்தில் விமானம் இருக்கும். ஒருவர் மட்டும் பார்த்திருந்தால் திசை தெரியும், தூரம் தெரியாது. பிறகு சருகு மொறுமொறுக்க, கிளைக்குக் குனிந்து, "இந்தப் பக்கம்", "இல்லீங்க, அந்தப் பலாவுக்குப் பின்னாடி" என்று இருவரும் செம்மண்ணில் நடப்பார்கள். கையில் அலைபேசி இருக்காது, காதில் வேறு சத்தம் இருக்காது. அரை மணி நேரம் கழித்து இறக்கை ஒடிந்த விமானமும், மடி நிறைய யாரோ கொடுத்தனுப்பிய முந்திரிப்பழமுமாக அவர்கள் சாலைக்கு வரும்போது கறிக்கடையில் கூட்டம் குறைந்திருக்கும்.